வெட்டிய இடம்

ஜூன் 10, திங்கள்

பல்கலைக்கழகத்தின் புதிய தரவுச் சேமிப்பகம் இன்று ஓடத் தொடங்கியது. பேராசிரியர்களின் மேசைக்கு அடியிலும் பீரோவிலும் கிடந்த ஆய்வுத் தரவுகளை எல்லாம் இனி இங்கேதான் வைக்க வேண்டும். எதுவும் தொலையக் கூடாது. அனுமதி இல்லாதவர் எதையும் திறக்கவும் கூடாது. பொறுப்பு என்னுடையது. பழைய சர்வரை செப்டம்பர் கடைசியில் அணைத்துவிடுவார்கள், அதற்குள் எல்லாவற்றையும் மாற்றியாக வேண்டும்.

தாவரவியல்காரர்கள் ஒரு சாக்கு நிறைய சி.டி. கொண்டுவந்து போட்டார்கள். பாதியில் பூஞ்சை.

செல்விக்கு வயிற்றுவலி குறையவில்லை. அவள் தம்பி, என் மைத்துனன் குற்றாலம், வெள்ளிக்கிழமைக்கு திருநெல்வேலியில் டாக்டரிடம் நேரம் வாங்கியிருக்கிறான்.

ஜூன் 14, வெள்ளி

போய் வந்தோம். வயிற்றில் புண் என்று செல்வியிடம் சொல்லியிருக்கிறோம்.

ஜூன் 15, சனி

நேற்று எழுத முடியவில்லை. டாக்டர் செல்வியை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு என்னிடமும் குற்றாலத்திடமும் மட்டும் பேசினார். ஆபரேஷன் செய்கிற கட்டத்தைத் தாண்டிவிட்டதாம். மருந்து ஏற்றிப் பார்க்கலாம், வலி குறையும், அதற்கு மேல் எதிர்பார்க்க வேண்டாம் என்றார். கார் நிறுத்தும் இடத்தில் குற்றாலம் என் கையைப் பிடித்துக்கொண்டான்.

"அக்காட்ட சொல்லிராதீங்க அத்தான். தெரிஞ்சா அன்னைக்கே படுத்துருவா."

சரி என்றேன். அவன் சொல்வதில் நியாயம் இருக்கிறது. ரிப்போர்ட்டை அலுவலகத்துக்குக் கொண்டுவந்து என் மேசை இழுப்பறையில் வைத்துப் பூட்டிவிட்டேன்.

சாயங்காலம் கேஸ் சிலிண்டர் மாற்றினேன். வாஷர் கசிகிறது.

ஜூன் 24, திங்கள்

இன்று ஓர் அம்மா வந்திருந்தார். பெயர் மிக்கேலம்மாள். கடற்கரை ஊர். நாற்பது வயது இருக்கும். மீன் கம்பெனியில் இறால் உரிக்கும் வேலையாம், விரல் நுனி எல்லாம் வெளுத்து ஊறிப்போயிருந்தது. யாரிடம் கேட்பது என்று தெரியாமல் மூன்று கட்டடம் ஏறி இறங்கி என்னிடம் வந்து சேர்ந்திருக்கிறார்.

"எங்க வீட்டுக்காரவுக சத்தம் உங்ககிட்ட இருக்கு சார். அத எம்புள்ளைக்குக் கேக்கணும்."

உட்காரவைத்து விவரம் கேட்டேன். கணவர் கஸ்பார். விசைப்படகு டிரைவர். ஆறரை வருடம் முன்பு கார்த்திகையில் அடித்த புயலில் படகோடு போனவர். உடல் கிடைக்கவில்லை. அப்போது இந்த அம்மா முழுகாமல் இருந்தார். பிறந்த பெண் ஜெனோவா இப்போது ஒண்ணாம் வகுப்பு. போட்டோவைப் பார்த்துப் பார்த்து அலுத்துப்போய், அப்பா எப்படிப் பேசுவார் என்று கேட்க ஆரம்பித்திருக்கிறாள்.

"பேசிக் காட்டினேன். 'அது உன் சத்தம்மா'ங்கா. போனும் அவுகளோட கடல்ல போயிட்டு. பொறவுதான் நெனப்பு வந்திச்சு. அவுக போறதுக்கு முன்னாடி இங்கேருந்து ஆளுக வந்து கோயில் மண்டபத்துல வச்சு காதுல மிசின் மாட்டிப் பாத்தாவ. பேசுனத எல்லாம் பதிஞ்சாவ."

அது மைமூன் மேடம் நடத்திய செவித்திறன் ஆய்வு. எஞ்சின் சத்தம் மீனவர் காதை எப்படிக் கெடுக்கிறது என்று ஒன்பது வருடம் முன்பு செய்தது. அந்தக் கோப்புகளில் பெயர் கிடையாது, எண் மட்டும்தான். எந்த எண் யாருடையது என்ற பட்டியல் தனியாகப் பூட்டப்பட்டிருக்கிறது. பேட்டி கொடுத்தவர்களிடம் ஆய்வாளர் தவிர யாரும் கேட்க மாட்டார்கள் என்று எழுதிக்கொடுத்திருக்கிறார்கள். அதை அப்படியே சொன்னேன்.

"நான் அவுக பொண்டாட்டி சார்."

நெறிமுறைக் குழுவுக்கு மனு எழுதிக் கொடுக்கச் சொன்னேன். எழுத உதவினேன். அவர் பஸ் ஏறும்வரை ஜன்னலில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தேன், ஏன் என்று தெரியவில்லை.

ஜூலை 3, புதன்

செல்விக்கு முதல் மருந்து ஏற்றினார்கள். புண்ணுக்கான மருந்து என்று சொல்லியிருக்கிறோம். எனக்கு நிலவியல் துறையின் தரவு மாற்ற வேண்டியிருந்தது, குற்றாலம் கூடப் போனான்.

ஜூலை 9, செவ்வாய்

மைமூன் மேடத்துடன் போனில் பேசினேன். ஓய்வுபெற்று காயல்பட்டினத்தில் இருக்கிறார். ஒலிப்பதிவுகளைப் புதிய இடத்துக்கு மாற்ற வேண்டாம், அளவீடுகள் போதும், பழைய சர்வரோடு அழித்துவிடலாம் என்று முன்பே கையெழுத்துப் போட்டிருக்கிறார். மிக்கேலம்மாளின் மனு விஷயத்தைச் சொன்னேன்.

"குடுத்த வாக்கு இருக்கு கொழுந்து சார். அந்தம்மா கேக்கதும் நியாயமாத்தான் இருக்கு. குழு என்ன சொல்லுதோ பாப்போம்."

வீட்டில் குழம்பு வைத்தேன். புளி கூடிப்போயிற்று. செல்வி ஒன்றும் சொல்லாமல் சாப்பிட்டாள். அவள் ஒன்றும் சொல்லாமல் சாப்பிடுகிறவள் அல்ல.

ஜூலை 20, சனி

செல்விக்கு முடி கொட்டுகிறது. மருந்தின் சூடு என்று சொல்லச் சொன்னான் குற்றாலம். சொன்னேன்.

"சூடுதான்" என்றாள். பிறகு, "இளநி வாங்கிட்டு வாங்க" என்றாள்.

வாங்கிவந்தேன்.

ஜூலை 31, புதன்

குழு கூடியது. மிக்கேலம்மாளுக்கு நகல் தரக் கூடாது. ஆனால் ஒருமுறை அலுவலகத்தில் வைத்துக் கேட்கலாம், மகளும் கூட இருக்கலாம். அதற்கு முன்பு பொறுப்பாளர் முழுவதும் கேட்டு, பேசியவர் ரகசியமாகச் சொன்னது எதுவும் இருந்தால் நீக்கிவிட வேண்டும். பொறுப்பாளர் என்றால் நான்.

ஆகஸ்ட் 6, செவ்வாய்

மைமூன் மேடம் நேரில் வந்தார். பட்டியலின் கடவுச்சொல்லில் பாதி அவரிடம், பாதி என்னிடம். திறந்து எண்ணைக் கண்டுபிடித்தோம். அவர் போன பிறகு கதவைச் சாத்திக்கொண்டு கேட்டேன்.

கனத்த, உயர்ந்த குரல். சிரிப்பு சீக்கிரம் வருகிறது. பேட்டிக்கு நடுவே யாரையோ கூப்பிட்டு டீ சொல்கிறார், மேடத்துக்குச் சீனி கம்மி என்று சேர்த்துச் சொல்கிறார். தும்முகிறார். வலை, டீசல், வீட்டில் வைக்கும் சாளை மீன் குழம்பு என்று என்னென்னவோ பேசுகிறார். அரைமணி நேரத்துக்குப் பிறகு குரல் இறங்குகிறது.

"எழுதிக்கிடுங்க. ஆனா வீட்டுக்குத் தெரியக் கூடாது. இடக்காது சுத்தமாப் போச்சு. வலக்காதுல எந்நேரமும் எஞ்சின் இரையுது, கரையில படுத்தாலும். வயர்லெஸ்ல என்ன சொல்லுதானுவன்னு பாதி வெளங்காது. மத்த பயலுவ முகத்தப் பாத்துப் புரிஞ்சுக்கிடுவேன். அவகிட்ட மட்டும் சொல்லிராதிய. தெரிஞ்சா கடலுக்கு விடமாட்டா."

மைமூன் மேடத்தின் குரல் கேட்கிறது. "சொல்ல மாட்டோம்."

அந்தப் புயலின்போது எச்சரிக்கை வயர்லெஸ்ஸில்தான் போனது. கேட்ட படகுகள் திரும்பிவிட்டன. கஸ்பாருடன் படகில் போன ஐந்து பேரும் திரும்பவில்லை. ஐந்து குடும்பங்களும் மிக்கேலம்மாள் வசிக்கும் அதே தெருக்களில்தான் இருக்கின்றன.

அந்தப் பகுதியை நீக்கிய பதிப்பு ஒன்றைத் தனியாகச் செய்தேன். ஒட்டிய இடம் தெரியாதபடி பலமுறை சரிபார்த்தேன்.

ஆகஸ்ட் 8, வியாழன்

பால்காரரிடம் அரை லிட்டர் போதும் என்று சொல்லிவிட்டேன். செல்வியால் மோர் மட்டும்தான் குடிக்க முடிகிறது.

ஆகஸ்ட் 12, திங்கள்

மிக்கேலம்மாளும் ஜெனோவாவும் வந்தார்கள். குழந்தைக்குத் திருவிழாச் சட்டை போட்டு, தலை நிறையப் பூ. ஸ்பீக்கர் வைத்திருந்தேன். குரல் வந்ததும் மிக்கேலம்மாள் முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டார். குழந்தை அம்மாவைப் பார்த்தாள், ஸ்பீக்கரைப் பார்த்தாள். தும்மல் வந்த இடத்தில் சிரித்தாள். அதைத் திரும்பப் போடச் சொன்னாள். போட்டேன். இன்னொரு முறை என்றாள். ஒருமுறை என்றுதான் உத்தரவு. போட்டேன்.

"அப்பா ஏம்மா இம்புட்டு சத்தமாப் பேசுறாவ?"

"கடல்காரவுக அப்பிடித்தான் மக்கா பேசுவாவ."

பதிவு முடிந்தது. மிக்கேலம்மாள் குழந்தையை வெளியே வேப்பமரத்தடியில் அணில் பார்க்க அனுப்பினார்.

"ஒரு இடத்துல வெட்டியிருக்கிய" என்றார்.

நான் ஸ்பீக்கர் வயரைச் சுருட்டினேன்.

"டீசலப் பத்திப் பேசிக்கிட்டு இருந்தவுக சட்டுனு கோயில் திருநாளுக்குத் தாவ மாட்டாவ. நடுவுல ஒரு இருமலு இருக்கும். தாவும்போது இருமிட்டுத்தான் தாவுவாவ."

"அவர் யார்கிட்டயும் சொல்ல வேண்டாம்னு கேட்டுக்கிட்டாரும்மா. என்னால சொல்ல முடியாது."

"காது விசயமா சார்?"

நான் கணினியைப் பார்த்தேன். அதுவே அவருக்குப் பதிலாகிவிட்டது.

"எனக்குத் தெரியாதா? கட்டுன ரெண்டாம் வருசமே தெரியும். இடப்பக்கம் நின்னு கூப்பிட்டாத் திரும்ப மாட்டாவ. நான் எப்பமும் வலப்பக்கந்தான் படுப்பேன், வலப்பக்கந்தான் நடப்பேன். எனக்குத் தெரியும்னு அவுகளுக்குத் தெரியாது."

"நீங்க கேட்கலையா?"

"கேட்டா பொறவு கடலுக்குப் போகாதியன்னு சொல்லணும். போகலன்னா அவுக மனுசனா இருக்க மாட்டாவ. அவுக மறைச்சாவ, நானும் மறைச்சேன். சொல்லியிருந்தா சண்டை போட்டிருப்போம். ரெண்டு நாளு பேசாம இருந்திருப்பாவ. அம்புட்டுத்தான். உசிரோட இருந்திருப்பாவ. அந்த அஞ்சு பேரும்."

அவர் அழவில்லை. குரல் மட்டும் மெலிந்து மெலிந்து நின்றுபோயிற்று. கிளம்பும்போது, "உங்களுக்கு எத்தன புள்ளைக சார்?" என்று கேட்டார். இல்லை என்றேன். "வீட்ல அம்மா சொகமா?" என்றார்.

சுகம் என்றேன்.

ஆகஸ்ட் 13, செவ்வாய்

வேலை ஓடவில்லை.

ஆகஸ்ட் 19, திங்கள்

சொல்லிவிடலாம் என்று நினைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனேன். செல்வி துணி மடித்துக்கொண்டிருந்தாள். என் சட்டைகளை ஒரு பக்கமாக அடுக்கி, எந்தத் தட்டில் எது இருக்கிறது என்று எனக்குக் காட்டினாள். பெட்ஷீட் கீழே, துண்டு நடுவில். இதை எல்லாம் எனக்கு எதற்குக் காட்டுகிறாள் என்று கேட்கவில்லை.

ஆகஸ்ட் 25, ஞாயிறு

காலையில் அவளுக்குக் கஞ்சி கொடுத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தேன். செல்வி, உனக்கு வந்திருப்பது புண் இல்லை என்றேன்.

அவள் கரண்டியைக் கிண்ணத்தில் வைத்தாள்.

"மருந்து ஏத்துற ரூம் வாசல்ல புற்றுநோய்ப் பிரிவுன்னு இம்மாம் பெரிய போர்டு மாட்டியிருக்கான். அதுக்குக் கீழதான் என்னை உக்கார வைக்கீங்க. எனக்கு எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியாதா?"

"முதல் நாளே தெரியுமா?"

"முத நாளே தெரியும். இன்னைக்குச் சொல்லுவீங்க, நாளைக்குச் சொல்லுவீங்கன்னு பாத்துக்கிட்டே இருந்தேன்."

"நீயாவது கேட்டிருக்கலாமே."

"எப்பிடிக் கேக்க? நீங்க வாசல்ல செருப்பக் கழட்டும்போதே மொகத்த மாத்திக்கிட்டு வாறிய. தம்பி சிரிச்சுக்கிட்டே காரு ஓட்டுதான். ரெண்டு பேரும் இம்புட்டுப் பாடுபடும்போது நான் எப்பிடிக் கெடுக்க?"

பிறகுதான் அழுதாள். சத்தமாக அழுதாள். பக்கத்து வீட்டில் மிக்ஸி நின்றது. எனக்கு யார்கிட்ட அழணும்னே தெரியலியே, ரெண்டு மாசமா குளிக்கும்போது மட்டும் அழுதிருக்கேன் என்றாள். அவள் குளிக்கும்போது தண்ணீர் அதிகம் செலவாகிறது என்று நான் ஒருநாள் சத்தம் போட்டிருக்கிறேன்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அக்காவப் பாக்கணும்" என்றாள்.

அவள் அக்கா மகராசி மதினி மும்பையில் இருக்கிறார். ஒரு கல்யாண வீட்டில் வார்த்தை முற்றி, எட்டு வருடமாக இருவரும் பேசிக்கொள்வதில்லை.

"முன்னாடியே கூப்பிட்டிருக்கலாம்ல செல்வி."

"என்னன்னு சொல்லிக் கூப்பிட? புண்ணுன்னா? உண்மையச் சொன்னா அவ அழுதுக்கிட்டே வந்து நிப்பா. நீங்க போட்ட வேசம் எல்லாம் கலைஞ்சிரும்னு கூப்பிடல."

ஆகஸ்ட் 26, திங்கள்

மும்பைக்குப் போன் செய்தேன். நான் பெயரைச் சொன்னதுமே மதினி, "செல்விக்கு என்ன?" என்றார். அவருக்கு முழங்கால் ஆபரேஷன் ஆகி ஒரு வாரம்தான் ஆகிறதாம். டாக்டர் விட்டதும் ரயில் ஏறுகிறேன் என்றார். செல்வியிடம் போனைக் கொடுத்துவிட்டு வாசலுக்கு வந்துவிட்டேன். உள்ளே இரண்டு பேரும் ஒரே நேரத்தில் பேசுவது கேட்டது.

அலுவலகத்துக்கு வந்த குற்றாலத்திடம் சொன்னேன். கோபப்பட்டான். பிறகு சைக்கிள் ஸ்டாண்டுப் பக்கம் போய் நின்றுகொண்டான்.

செப்டம்பர் 11, புதன்

மிக்கேலம்மாள் வந்தார். பழைய சர்வரை அணைக்கப் போகிறார்கள், அதோடு ஒலிப்பதிவும் போய்விடும் என்று நான்தான் தகவல் அனுப்பியிருந்தேன். மைமூன் மேடத்திடமும் குழுவிடமும் பேசி ஒன்று மட்டும் சம்மதிக்கவைத்திருந்தேன். ஜெனோவாவுக்குப் பதினெட்டு வயது ஆகும்வரை அவள் அப்பாவின் பதிவைப் புதிய சேமிப்பகத்தில் பூட்டி வைக்கலாம். அதன் பிறகு அவள் வந்து கேட்டால் கொடுக்கலாம். எந்தப் பதிப்பை வைப்பது என்பதை மிக்கேலம்மாளிடம் கேட்டுக்கொள்ளச் சொல்லிவிட்டார் மேடம்.

"வெட்டுனத வைங்க சார். முழுசா இருக்கத அழிச்சிருங்க."

"நல்லா யோசிச்சீங்களாம்மா? அழிச்சிட்டா திரும்ப வராது. பிள்ளை பெரியவளாகி உண்மை தெரிஞ்சுக்கணும்னு நினைக்கலாம்."

"நான் சொல்லுவேன் சார் அவகிட்ட. வயசு வந்ததும் உக்கார வச்சு எல்லாத்தையும் சொல்லுவேன். அது எங்க வீட்டுப் பேச்சு. இது அவுக உங்களுக்குச் சொன்னது. சொல்லிராதியன்னு கேட்டாவல்லா."

"அந்த அஞ்சு வீட்டுக்கும் சொல்லுவீங்களா?"

அவர் பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"அத நானும் கடவுளும் பேசிக்கிட்டு இருக்கோம். இன்னும் முடியல."

செப்டம்பர் 16, திங்கள்

மதினி வந்து சேர்ந்தார், கைத்தடியோடு. ஆட்டோவில் இருந்து இறங்க முடியாமல் இறங்கினார். செல்வி எழுந்து வாசல்வரை வந்துவிட்டாள். இரண்டு பேரும் நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். "என்னடி இப்பிடி ஆயிட்ட" என்றார் மதினி. "நீ மட்டும் என்ன" என்றாள் செல்வி.

செப்டம்பர் 20, வெள்ளி

இப்போது வலிக்கு மருந்து மட்டும். பாதி நாள் தூங்குகிறாள். விழித்திருக்கும் நேரத்தில் அக்கா தங்கச்சி இரண்டு பேரும் பேசுகிறார்கள். ரசத்தில் பூண்டு தட்டிப் போடுவதா நறுக்கிப் போடுவதா என்று இன்று ஒரு தகராறு. செல்வி சிரித்ததில் மூச்சு வாங்கியது.

அவள் பேசுவதைப் போனில் பதிந்து வைத்துக்கொள்ளட்டுமா என்று கேட்டேன்.

"வேண்டாம்" என்றாள். "பதிஞ்சா பொறவு கேட்டுக்கிடலாம்னு இப்ப கேக்க மாட்டீங்க. பக்கத்துல உக்காருங்க."

உட்கார்ந்தேன். இந்த நான்கு நாட்களில் அவள் பேசிக் கேட்டதை எல்லாம் இங்கே எழுதப்போவதில்லை.

செப்டம்பர் 25, புதன்

அலுவலகத்துக்குப் போய் இரண்டு மணி நேரம் இருந்தேன். மைமூன் மேடம் சாட்சியாக வந்திருந்தார். மற்ற ஒலிப்பதிவுகளை அழித்தேன். கடைசியாக கஸ்பாரின் முழுப் பதிவு. அதில் அவர் மேடத்திடம் கேட்டுக்கொண்ட வரியை மேடம் இன்னொரு முறை கேட்க விரும்பினார். கேட்டார். "சொல்ல மாட்டோம்" என்ற தன் பழைய குரலைக் கேட்டதும் கண்ணாடியைக் கழற்றிக்கொண்டார்.

"அன்னைக்கே அந்தப் பொண்ணைக் கூப்பிட்டுச் சொல்லியிருந்தா என்ன சார் கெட்டிருக்கும்?"

வாக்குக் கொடுத்திருந்தீங்களே மேடம் என்றேன்.

"ஆமா. கொடுத்திருந்தேன்" என்றார். "நீங்க அழிங்க."

அழித்தேன். வெட்டிய பதிப்பு புதிய சேமிப்பகத்தில் இருக்கிறது. மதுரையில் ஒரு காப்பு நகல்.

செப்டம்பர் 27, வெள்ளி

காலை. செல்வி போய்விட்டாள். மதினியும் நானும் பக்கத்தில் இருந்தோம்.

அக்டோபர் 13, ஞாயிறு

பதினாறாம் நாள் காரியம் நேற்று முடிந்தது. மிக்கேலம்மாள் எப்படியோ கேள்விப்பட்டு வந்து, ஒரு ஓரமாக இருந்து சாப்பிட்டுவிட்டுப் போனார். கும்பிட்டார், நானும் கும்பிட்டேன்.

வந்தவர்கள் எல்லாம் கிளம்பிய பிறகு இன்று மதியம் மதினியும் நானும் மட்டும் சாப்பிட உட்கார்ந்தோம். சாயங்காலம் அவருக்கு ரயில். சோற்றைப் பிசைந்துகொண்டே கேட்டார்.

"உங்களுக்கு ஜூன்லயே தெரியும்."

"ஆமா மதினி."

"தம்பிக்கும் தெரியும்."

"ஆமா."

"அவளுக்கும் மருந்து ஏத்துன முத நாளே தெரிஞ்சுருக்கு."

"ஆமா."

"நான் வந்து அவகூட இருந்தது பதினோரு நாளு. அதுல பாதி அவ தூக்கம். ஜூன்லயே கூப்பிட்டிருந்தா காலு நல்லா இருந்துச்சு, மறுநாளே வந்திருப்பேன்." கை நின்றுவிட்டது. "எல்லாருக்கும் தெரிஞ்சத யாருகிட்டங்க மறைச்சிய?"

அவர் கோபமாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். அவர் தட்டில் சோறு குறைந்திருந்தது. கொஞ்சம் வைத்தேன். ரசம் ஊற்றினேன். இரண்டு பேரும் சாப்பிட்டு முடித்தோம்.